அப்பத்தா வீட்டு ஹெவி மெட்டல்!

ஒரு சின்னக் கேள்வி பாஸ். நீங்க வீட்டுல சத்தமா ஹெவி மெட்டல் போட்டா என்ன நடக்கும்? அம்மா ஓடி வந்து மிக்ஸி ரிப்பேரான்னு பார்ப்பாங்க. அப்பா, 'சவுண்டைக் குறைடா'ம்பார். பக்கத்து வீட்டு அக்கா, 'தம்பிக்கு லவ் ஃபெயிலியரா?'ன்னு மெதுவா விசாரிப்பாங்க. எங்க வீட்டுல என்ன நடந்துச்சு தெரியுமா? எங்க அப்பத்தா விபூதித் தட்டை எடுத்துக்கிட்டு ஸ்பீக்கர் முன்னால வந்து நின்னுச்சு!

நான் ஈ.சி.இ. மாணவன். இந்தப் பக்கத்துக்கு மாணவ நிருபர். 'உனக்குப் பிடிச்ச ஒரு ஆல்பம் பத்தி எழுதேன்'னு சொன்னப்ப, எனக்கு உடனே ஞாபகம் வந்தது இந்த விபூதித் தட்டுதான். கொஞ்சம் பெரிய கதை. கேன்டீன் டீயை வாங்கிட்டு வந்து உட்காருங்க.

இடம், ராமேஸ்வரம் தீவில் இருக்கும் பாம்பன். வருஷம் 2003. அப்போது நான் பிறக்கவே இல்லை. ஆனால், பொங்கலுக்கு ஒரு தடவை, தீபாவளிக்கு ஒரு தடவை சொல்லிச் சொல்லி, நானே நேரில் பார்த்த மாதிரி ஆகிவிட்டது.

எங்க ராமநாதபுரம் மாவட்டத்துக் கடற்கரையில் வீட்டுக்கு ஒருத்தர் கடலுக்குள்ளே இருப்பார். இன்னொருத்தர் கடலுக்கு அந்தப் பக்கம் இருப்பார். சிங்கப்பூர், மலேசியா, துபாய்னு ஊர் மட்டும்தான் மாறும். எங்க வீட்டில் அப்பா உள்ளே, மாமா அந்தப் பக்கம். மாமா சிங்கப்பூரில் ஒரு கப்பல் பட்டறையில் வெல்டர். ஆறு வருஷம் வேலை பார்த்துட்டு 2003-ல் மொத்தமாகத் திரும்பி வந்தபோது, பெட்டியில் என்னென்ன இருக்கணுமோ எல்லாம் இருந்தது. கோடாலித் தைலம் அரை டஜன், சாக்லேட், டார்ச் லைட், பூப்போட்ட கைலி. கூடவே, புத்தம் புதுசா ஒரு சி.டி. பிளேயர். போட்டுப் பார்க்க ஒரே ஒரு சி.டி.

அந்த சி.டி-யை மாமா காசு கொடுத்து வாங்கவில்லை. கூட வேலை பார்த்த சிங்கப்பூர்த் தமிழ்ப் பையன் ஒருத்தன், 'அண்ணே, ஊருக்குப் போறீங்க, என் ஞாபகமா வெச்சுக்குங்க'ன்னு கொடுத்தது. அட்டையில் ஆல்பத்தின் பேர் 'ருத்ரா'. ராமநாதசுவாமி கோயில் இருக்கிற தீவுக்குள் 'ருத்ரா'ன்னு ஒரு சி.டி. வந்தா, அதை என்னன்னு நினைப்பாங்க? அதேதான்! தை வெள்ளிக்கிழமை, காலை ஆறு மணி. அப்பத்தா குளிச்சு, விளக்கேத்தி, 'போடுய்யா சாமிப் பாட்டை'ன்னு உத்தரவு போட்டாச்சு. மாமாவும் பயபக்தியோட பட்டனை அமுக்கினார்.

கிதார் இரைச்சல். டிரம்ஸ் இடி. அதுக்கு மேல, பாதாளத்திலிருந்து வர்ற மாதிரி ஒரு உறுமல்.

வீட்டில் எல்லாரும் உறைஞ்சு போய் நிற்க, அப்பத்தா மட்டும் பதறவே இல்லை. விபூதித் தட்டோடு கிட்டே போய்க் காதைக் கொடுத்துக் கேட்டுட்டு, ஒரே ஒரு வரியில் விமர்சனம் சொன்னுச்சு: "பாவம், யாரு பெத்த புள்ளையோ... பெரிய சாமிதான் எறங்கியிருக்கு. தொண்டை கிழியுது பாரு, தண்ணி குடுக்கச் சொல்லுங்கடா!"

அத்தோடு அந்த சி.டி. இரும்புப் பெட்டிக்குள் போய்விட்டது. பதினேழு வருஷம் வெளியே வரவில்லை.

*

அதை மறுபடி வெளியே எடுத்தது அடியேன்தான். 2020, லாக்டவுன். பத்தாம் வகுப்புப் பரீட்சை எழுதாமலேயே 'ஆல் பாஸ்' ஆன பெருமைக்குரிய பேட்ச் நாங்க. (சிரிக்காதீங்க, ஹாஸ்டலில் இன்னமும் இதைச் சொல்லித்தான் ஓட்டுறாங்க.) நெட் பேக் தீர்ந்துபோன ஒரு மதியம், பெட்டியைக் குடைஞ்சப்ப சிக்கியது. பழைய டி.வி.டி. பிளேயரில் போட்டேன். அன்னைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. பயத்தில் இல்லை பாஸ்... 'இதை நான் எங்கேயோ ஏற்கெனவே கேட்டிருக்கேனே'ங்கிற குடைச்சலில்.

எங்கே கேட்டிருக்கேன்னு புரிய ரெண்டு மூணு நாள் ஆச்சு. டிரம்ஸ்காரர் ரெண்டு காலாலும் மாறி மாறி மிதிக்கிறாரே, அந்தச் சத்தம் எனக்குப் புதுசே இல்லை. 1914-ல் திறந்த பழைய பாம்பன் பாலத்தில், காத்துக்குப் பயந்து ரயில் ஊர்ந்து ஊர்ந்து போகும்போது, தண்டவாள இணைப்பில் ஒவ்வொரு சக்கரமா விழுமே, அந்தத் 'தடக் தடக்'கை நாலு மடங்கு வேகத்தில் ஓட்டின மாதிரி. 2022 டிசம்பரோடு அந்தப் பாலத்தில் ரயில் நின்று போச்சு. 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாலத்தில் ரயில் வழுக்கிட்டுப் போகுது. எனக்கு என்னமோ அந்தப் பழைய சத்தம்தான் தாலாட்டு.

சரி, அந்த உறுமல்? அதுவும் புதுசில்லை. எங்க பக்கத்து மாசிக் களரிக்கு வந்து பாருங்க. நடுராத்திரியில் சாமியாடிக்கு அருள் வர்றப்ப எழும்பும் குரல் அதே குரல்தான். அப்பத்தா அன்னைக்குச் சொன்னது கிண்டலே இல்லை, பக்காவான இசை விமர்சனம்! நம்ம குரல் நாண்களுக்குக் கொஞ்சம் மேலே இன்னொரு ஜோடி மடிப்பு இருக்கு. சாதாரணமாகப் பேசும்போது அது சும்மா இருக்கும். உறுமும்போது அதுவும் சேர்ந்து அதிரும். மெட்டல் பாடகர் அதைப் பழகிச் செய்கிறார். சாமியாடிக்கு அது தானா வருது. வித்தியாசம் அவ்வளவுதான்.

கிதார் இரைச்சலுக்கு விளக்கம் எங்க டிபார்ட்மென்ட்டிலேயே இருக்கு. ஆம்ப்ளிஃபயரால் கொடுக்க முடிஞ்சதுக்கு மேலே சிக்னல் போனால், அலையோட உச்சி தட்டையா வெட்டுப்பட்டுவிடும். 'கிளிப்பிங்'னு பேர். வெட்டுப்பட்ட அலையில் புதுசு புதுசா ஹார்மோனிக்ஸ் பிறக்கும். அதுதான் அந்தக் கரகரப்பு. இது லேபில் வந்தால் அப்சர்வேஷன் நோட்டில் சிவப்பு மை. மேடையில் வந்தால் கைத்தட்டல். என்ன கொடுமை பாஸ் இது!

*

அப்புறம்தான் இந்த 'ருத்ரா' யாருன்னு தேடினேன். ஏதோ நார்வேகாரங்க நம்ம சாமி பேரைத் திருடிட்டாங்கன்னு நினைச்சிருந்தேன். பார்த்தா, சிங்கப்பூர்! 1992-ல் ஆரம்பிச்சவங்க பேரைக் கேளுங்க: கதிர், சிவா, பாலா. நம்ம கிளாஸ் அட்டெண்டன்ஸில் தினமும் கூப்பிடுற பேர்! கதிர் பேஸ் கிதார், அந்த உறுமலும் அவர்தான். சிவா டிரம்ஸ். பாலா கிதார். நம்ம ஊர்க்காரங்க பிழைக்கப் போன தேசத்தில் வளர்ந்த பசங்க, அந்தத் தேசத்துக்கும் பழக்கமில்லாத ஒரு இசையைக் கையில் எடுத்திருக்காங்க.

கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. சிங்கப்பூரில் இந்தியர்கள் பத்துப் பேரில் ஒருத்தர்கூட முழுசாகத் தேற மாட்டாங்க. அந்தச் சின்னக் கூட்டத்துக்குள்ளே மெட்டல் கேட்கிறவங்க இன்னும் சின்னக் கூட்டம். அவங்ககிட்டே, 'ஏன்டா, நம்ம பிள்ளைங்க பாடுற பாட்டாடா இது?'ன்னு எத்தனை பேர் கேட்டிருப்பாங்க! அந்தக் கேள்விக்கு அவங்க பாட்டுலயே பதில் சொன்னாங்க. பேய், பிசாசு, கல்லறைன்னு வெள்ளைக்காரன் எழுதினதைக் காப்பி அடிக்காமல், உபநிஷதத்திலிருந்தும் அத்வைதத்திலிருந்தும் விஷயத்தை எடுத்தாங்க. ஆங்கிலப் பாட்டுக்கு நடுவில் சமஸ்கிருத மந்திரம் வந்து விழும். 'நான் யார்?'ங்கிற கேள்வியை டெத் மெட்டலில் கேட்டாங்க. அந்த வகைக்கு 'வேதிக் மெட்டல்'னு அவங்களே பேரும் வெச்சுக்கிட்டாங்க.

முதல் ஸ்டுடியோ ஆல்பம் வந்தது 1998-ல். பேர், சும்மா 'ருத்ரா'. அப்பத்தா கேட்ட அதே ஆல்பம். நம்ம ஊர் முழுக்க 'ஜீன்ஸ்' படப் பாட்டு ஓடிக்கிட்டிருந்த அதே வருஷம்!

கணக்குப் போடுங்க. 1992-ல் ஆரம்பம், 1998-ல் முதல் ஆல்பம். ஆறு வருஷம்! நடுவில் ஒரு தடவை குழுவே கலைஞ்சு, மறுபடி சேர்ந்திருக்காங்க. பெங்களூரின் 'கிரிப்டோஸ்' கதையும் இதே கணக்குதான். 1998-ல் ஆரம்பிச்சு, 2004-ல் 'ஸ்பைரல் அசென்ட்'னு முதல் ஆல்பம். அதே ஆறு வருஷம். அவங்கதான் பின்னாடி 2013-ல் ஜெர்மனியோட வாக்கன் மெட்டல் திருவிழா மேடை வரைக்கும் போனாங்க. கேரளாவில் கண்ணூரின் 'தி டவுன் ட்ரோடன்ஸ்' 2009-ல் ஆரம்பிச்சு, 2014-ல் முதல் ஆல்பம் போட்டாங்க. நாலு வருஷ பி.இ-யை அரியரோடு ஆறு வருஷத்தில் முடிக்கிற அண்ணன்களை இனிமே யாரும் கிண்டல் பண்ணாதீங்க. அவங்க முதல் ஆல்பம் போட்டுக்கிட்டிருக்காங்க!

இதுக்கு நேர் எதிர்க் கதையும் உண்டு. ஹெவி மெட்டலுக்கே தாத்தா, இங்கிலாந்து பர்மிங்ஹாமின் 'பிளாக் சபாத்'. 1970-ல் வந்த அவங்க முதல் ஆல்பத்தை ஒரே நாளில் பதிவு பண்ணிட்டாங்க. கிதார்காரர் டோனி அயோமிக்கு 17 வயசில், தகடு வெட்டுற தொழிற்சாலையில், அதுவும் வேலையோட கடைசி நாளில், ரெண்டு விரல் நுனி போச்சு. பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி விரலுக்குத் தொப்பி செஞ்சு மாட்டிக்கிட்டு வாசிச்சார். விரல் தாங்கணுமேன்னு பின்னாடி கம்பியைத் தளர்த்தினார்; ஸ்ருதி இன்னும் கீழே இறங்கிச்சு. உலகமே கொண்டாடுற அந்தக் கனமான ஓசைக்குப் பின்னால் ஒரு தொழிலாளியோட வெட்டுப்பட்ட விரல் இருக்கு. இதை மாமாகிட்டே சொன்னேன். முப்பது செகண்ட் தன் கையையே பார்த்தார். வெல்டிங் பொறி பட்ட தழும்பு கை முழுக்க. "அப்ப இது எங்க ஆளுங்க பாட்டுதான்னு சொல்லு"ன்னார்.

உள்ளதைச் சொல்லணும்னா, 'ருத்ரா' குறையே இல்லாத ஆல்பம் இல்லை. 2005, 2009, 2011-ன்னு மூணு பாகமா வந்த இவங்களோட 'பிரம்மவித்யா' வரிசையைக் கேட்டுட்டு முதல் ஆல்பத்துக்குத் திரும்பினா, வித்தியாசம் பளிச்சுனு தெரியும். அங்கே நம்ம இசையும் மெட்டலும் ஒண்ணுக்குள்ளே ஒண்ணு கரைஞ்சிருக்கும். முதல் ஆல்பத்தில் இன்னும் கட்டி கட்டியா நிற்குது, அவசரத்தில் கிண்டின கேப்பைக் களி மாதிரி. ஆனா, எனக்கு அதுதான் பிடிக்குது. ஏன்னா, அந்தப் பசங்க 'நாங்க இவங்கதான்'னு சொல்லிட்டாங்க. அழகாச் சொல்றதை அப்புறம் கத்துக்கிட்டாங்க. 2009-ல் இவங்களைப் பத்தி யூஜீன் டைரியநாதன்னு ஒரு சிங்கப்பூர் இசை ஆய்வாளர் ஆய்வுக் கட்டுரையே எழுதினார். 2022-ல்கூடப் புது ஆல்பம் போட்டாங்க. எல்லாத்துக்கும் விதை, அந்தக் கட்டி தட்டின முதல் ஆல்பம்தான்.

*

இப்ப என் கதைக்கு வர்றேன். எங்க ஹாஸ்டலில் மூணு பேர். பேர் எதுக்கு, ஊரைச் சொல்லியே கூப்பிட்டுக்குவோம். 'தங்கச்சிமடம்', சர்ச் கொயரில் கிதார் கத்துக்கிட்டவன். 'முதுகுளத்தூர்', எதைக் கொடுத்தாலும் தட்டுவான். சாப்பாட்டுத் தட்டு, டிராயிங் போர்டு, என் முதுகு. அப்புறம் நான், 'பாம்பன்'. வேலை, உறுமுவது. ரெண்டாவது வருஷம் கல்ச்சுரல்ஸில் ஏறினோம். ஒரு இங்கிலீஷ் பாட்டை எடுத்து, முக்கி முக்கி, கிட்டத்தட்ட அதே மாதிரி பாடி முடிச்சோம். கைத்தட்டலும் வந்துச்சு. கீழே இறங்கினப்ப ஒரு ஜூனியர் பையன் சாதாரணமாத்தான் கேட்டான்: "அண்ணா, நல்லாருந்துச்சு. ஆனா, நீங்க எதுக்குண்ணா அமெரிக்காக்காரன் மாதிரி கோபப்படுறீங்க?"

சுருக்குனு இருந்துச்சு. என் கோபத்துக்கு நம்ம ஊரிலேயே காரணம் இருக்கே! அப்பா கடலுக்குப் போன ஒவ்வொரு ராத்திரியும், இலங்கை நேவி பிடிச்சிருக்குமோன்னு விடியற வரைக்கும் வாசலைப் பார்த்துக்கிட்டு அம்மா உட்கார்ந்திருப்பாங்க. நீ கடலுக்கு வரக் கூடாதுன்னுதான் என்னை இன்ஜினீயரிங்கில் தள்ளினாங்க. இவ்வளவையும் உள்ளே வெச்சுக்கிட்டு, எவனோ ஒருத்தனோட கோபத்தைக் கடன் வாங்கிக் கத்தியிருக்கேன்.

அன்னைக்கு ராத்திரி மறுபடி 'ருத்ரா' கேட்டேன். அவங்க கைக்கு எட்டின இடத்தில் வேதம் இருந்துச்சு, எடுத்துக்கிட்டாங்க. என் கைக்கு எட்டின இடத்தில் என்ன இருக்கு? வேதம் எங்க வீட்டுச் சொத்து இல்லை. எங்க வீட்டில் உப்பும் கயிறும்தான். அப்பத்தான் தாத்தா ஞாபகம் வந்துச்சு.

தாத்தாவுக்கு 76 வயசு. அந்தக் காலத்தில் கரைவலை இழுத்தவர். கரைவலைன்னா தெரியும்தானே? வலையை வள்ளத்தில் கொண்டுபோய்க் கடலில் அரைவட்டமா விட்டுட்டு, ரெண்டு முனைக் கயிறையும் கரையில் நின்னு ரெண்டு கூட்டமா இழுக்கிறது. அப்படி இழுக்கும்போது பாடுறதுதான் அம்பா பாட்டு. ஒருத்தர் வரியை எடுத்துக் கொடுக்க, மத்தவங்க 'ஏலேலோ'ன்னு வாங்கிக்குவாங்க. அந்த 'லோ'வில்தான் எல்லாக் கையும் ஒரே நேரத்தில் இழுக்கும். பாட்டு தப்பினால் இழுவை தப்பும். விசைப்படகும் இன்ஜினும் வந்த பிறகு பாட்டுக்கு வேலை இல்லாமல் போச்சு. இன்ஜினுக்கு எதுக்கு ஏலேலோ? தாத்தாதான் எடுத்துக் கொடுக்கிற ஆளா இருந்தவர்.

ஃபோனை நீட்டி, "தாத்தா, ஒரு அம்பா பாடுங்க, ரெக்கார்டு பண்றேன்"னேன். தாத்தா வெத்தலையை மென்னுக்கிட்டே சிரிச்சார். "வலை இல்லாம எப்புடிடா அம்பா வரும்? கை இழுக்கணும், அப்பத்தான் வாய் பாடும்." நாலு தடவை கேட்டேன். நாலு தடவையும் ரெண்டு வரி முனகிட்டு, "மறந்துருச்சுய்யா"ன்னார்.

2025 மே மாதம். தடைக்காலம். ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகக் கூடாது. கரைவலைக்கு அந்தத் தடை இல்லை. தாத்தாவை பைக்கில் உட்காரவெச்சு, தனுஷ்கோடிப் பக்கம் கரைவலை இழுக்கிற இடத்துக்குக் கூட்டிட்டுப் போனேன். இழுக்கிறவங்களில் ரெண்டு பெரியவங்களுக்கு தாத்தாவை அடையாளம் தெரிஞ்சுச்சு. "அண்ணே, வாங்க, சும்மா புடிங்க"ன்னு கயிற்றில் இடம் விட்டாங்க.

தாத்தா கயிற்றைப் பிடிச்சார். காலை மணலில் புதைச்சார். அடுத்த நொடி வந்துச்சு பாருங்க ஒரு குரல்! நான் பிறந்ததிலிருந்து அந்தக் குரலைக் கேட்டதே இல்லை. அடிவயித்திலிருந்து, கரகரன்னு, காத்தைக் கிழிச்சுக்கிட்டு. இளவட்டங்கள் முதலில் சிரிச்சாங்க. பெரியவங்க 'ஏலேலோ' வாங்கினதும் சிரிப்பு நின்னு போச்சு. கயிறு நிஜமாவே வேகமா வந்துச்சு. நாலு நிமிஷம் பத்து செகண்ட் பாடினார். நான் கை நடுங்க ஃபோனைப் பிடிச்சிருந்தேன்.

வீட்டுக்கு வந்து போட்டுக் கேட்டால், கச்சான் காத்து மைக்கில் அறைஞ்சு, 'கொர்ர்ர்'ருன்னு ஒரே இரைச்சல். லேப்டாப்பில் அலையைப் பார்த்தேன். உச்சி எல்லாம் தட்டையா வெட்டுப்பட்டிருக்கு. கிளிப்பிங்! 'பரவாயில்லை, அடுத்த தடவை காத்துத் தடுப்பு போட்ட நல்ல மைக் எடுத்துட்டு வந்து பண்ணிக்கலாம்'னு விட்டுட்டேன். அப்புறம் செமஸ்டர். அப்புறம் இன்டர்ன்ஷிப். அடுத்த வாரம், அடுத்த வாரம்...

ஜூலையில் தாத்தாவுக்குப் பக்கவாதம் வந்துச்சு. உயிருக்கு ஒண்ணும் இல்லை. ஆனா வலது கையும் பேச்சும் போச்சு.

*

அந்த நாலு நிமிஷம் பத்து செகண்டை எத்தனை தடவை கழுவிப் பார்த்தேன்னு எனக்கே தெரியாது பாஸ். இரைச்சலை நீக்குற சாஃப்ட்வேர் எல்லாம் போட்டாச்சு. காத்து எந்த அலைவரிசையில் இருக்கோ, தாத்தாவோட குரலும் பாதி அதே அலைவரிசையில்தான் இருக்கு. கடலை எடுத்தால் கூடவே தாத்தாவும் போயிடுறார். மிச்சம் இருக்கிற குரல் டப்பாவுக்குள்ளிருந்து பேசுற ரோபோ மாதிரி கேட்குது. சிலபஸில் ஃபில்டர் டிசைன் பேப்பரில் 'ஓ' கிரேடு வாங்கினவன் நான். என் தாத்தாவை ஒரு காத்திலிருந்து பிரிச்செடுக்க முடியலை.

முதுகுளத்தூர்தான் சொன்னான்: "மச்சி, நீ தினமும் கேக்குற அந்த சிங்கப்பூர் சி.டி. மட்டும் என்ன கண்ணாடி மாதிரியா இருக்கு? இரைச்சலோட இருக்கட்டும்டா. இது மெட்டல்தானே?"

அப்படித்தான் ஆரம்பிச்சோம். தாத்தா எந்த ஸ்ருதியில் இருக்காரோ, அங்கே வரைக்கும் தங்கச்சிமடம் கிதார் கம்பியைத் தளர்த்தினான். கச்சான் காத்தோட 'கொர்ர்'ரும் கிதாரோட கரகரப்பும் எங்கே முடியுது, எங்கே ஆரம்பிக்குதுன்னு தெரியாமல் கலந்துச்சு. கஷ்டப்பட்டது முதுகுளத்தூர்தான். மெட்ரோனோம் போட்டால் ரெண்டு வரிக்குள்ளே தாத்தா தாளத்தை விட்டு வெளியே போயிடுவார். கயிறு கனமா இருக்கும்போது மெதுவாகுது, வலை கரைக்கு நெருங்க நெருங்க வேகமாகுது. கடைசியில் மெட்ரோனோமை அணைச்சுட்டு, தாத்தா மூச்சு வாங்குறதைக் கேட்டு வாசிச்சான். நான் உறுமவே இல்லை. 'ஏலேலோ' மட்டும் வாங்கினேன்.

ஆல்பம் எல்லாம் இல்லை பாஸ், ஒரே ஒரு பாட்டு. இதுவரைக்கும் கேட்டவங்க மொத்தம் ஒன்பது பேர். அதில் ஒருத்தர் எங்க ஹாஸ்டல் வார்டன். அவர் கேட்டது சுவர் வழியா!

அந்த ஒன்பதில் ஒருத்தர் தாத்தா. போன மாசம் ஊருக்குப் போய், அவர் கட்டில் பக்கத்தில் ஸ்பீக்கரை வெச்சுப் போட்டேன். முகத்தில் ஒண்ணும் தெரியலை. ரெண்டாவது 'ஏலேலோ' வந்தப்ப, நல்லா இருக்கிற அந்த இடது கை மட்டும் போர்வையைப் பிடிச்சுச்சு. அடுத்த 'லோ'வில் இழுத்துச்சு. அதுக்கடுத்த 'லோ'வில் மறுபடி இழுத்துச்சு. பாட்டு முடியறதுக்குள்ளே போர்வை முழுக்க அவர் பக்கம் வந்துடுச்சு.

வாசல்படியில் உட்கார்ந்திருந்த மாமா, "இது நம்ம சாமிப் பாட்டு சி.டி. மாதிரியே இருக்கேடா மருமகனே!"ன்னார். அப்பத்தா ஒண்ணும் பேசலை. உள்ளே போய் விபூதித் தட்டை எடுத்துட்டு வந்துச்சு. இந்தத் தடவை ஸ்பீக்கர் பக்கம் போகலை. தாத்தா நெத்தியில் பூசிட்டு, எங்க மூணு பேருக்கும் பூசிவிட்டுச்சு. தங்கச்சிமடம் சிலுவையைத் தொட்டுக்கிட்டே குனிஞ்சு வாங்கிக்கிட்டான்.

இவ்வளவுதான் கதை. 1998-ல் சிங்கப்பூர்ப் பசங்க போட்ட முதல் ஆல்பம், ஒரு வெல்டரோட பெட்டியில் தப்பான விலாசத்துக்கு வந்து சேர்ந்துச்சு. தப்பான விலாசமான்னு இப்ப சந்தேகமா இருக்கு.

உங்ககிட்டே ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கறேன். உங்க வீட்டுலயும் ஒரு குரல் இருக்கும். நடவுப் பாட்டோ, தாலாட்டோ, சந்தையில் விலை கூவுறதோ, ஆடு மாட்டைக் கூப்பிடுறதோ. நல்ல மைக் வரட்டும்னு காத்திருக்காதீங்க. செமஸ்டர் முடியட்டும்னு விடாதீங்க. காத்து அடிச்சா அடிக்கட்டும், நாய் குரைச்சா குரைக்கட்டும். இந்த வாரம் ஊருக்குப் போறப்ப ஃபோனை எடுத்து ரெக்கார்டு பட்டனை அமுக்குங்க.

ஸ்டோரேஜ் ஃபுல்லுன்னு காட்டுதா? நாலு செல்ஃபியை அழிங்க பாஸ். அதை எப்ப வேணாலும் திரும்ப எடுத்துக்கலாம்!